தன் நாக்கை நம்பிய மனிதர்

அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள பெரிய நகரம், சான்பிரான்சிஸ்கோ. கடலும் குன்றும் சேர்ந்த ஊர். கோடைகாலத்தில்கூடக் கடற்பனி வந்து தெருக்களை மூடிவிடும்.

1965-ம் ஆண்டில் அந்த ஊரில் ஓர் இளைஞர் இருந்தார். வயது 27. பெயர், பிரிட்ஸ் மேடேக். அவர் வழக்கமாகப் போகும் சாப்பாட்டுக் கடையில், அந்த ஊரிலேயே தயாராகும் ஒரு பீர் கிடைக்கும். அது அவருக்குப் பிடிக்கும்.

அந்தப் பீர் தயாரிக்கும் கம்பெனியை மூடப் போகிறார்கள் என்று ஒருநாள் கடைக்காரர் சொன்னார். மூடுவதற்கு முன் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரும்படியும் சொன்னார்.

மேடேக் பார்க்கப் போனார். பார்த்தவர், கம்பெனியையே வாங்கிவிட்டார்! முதலில் 51 சதவீதப் பங்கு. விலை சில ஆயிரம் டாலர். ஒரு பழைய கார் வாங்கும் பணத்தை விடக் குறைவு என்று பிற்காலத்தில் அவரே சொன்னார்.

"பீர்க் கம்பெனி கதை நமக்கு எதற்கு?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். குடியால் குலைந்த குடும்பங்களை நம் தெருவிலேயே பார்க்கிறோம். யாரையும் குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. மிட்டாய்க் கடை வைத்தாலும், ஊறுகாய் போட்டாலும், காப்பிக் கொட்டை வறுத்தாலும், தொழில் செய்கிறவருக்கு ஒரு கேள்வி வரும். "எனக்குப் பிடித்ததைச் செய்வதா, ஊருக்கு எது விலை போகிறதோ அதைச் செய்வதா?" அந்தக் கேள்விக்கு அந்த மனிதர் ஆயுள் முழுவதும் பதில் சொன்னார். அதனால்தான் அவர் கதை.

சலவை எந்திரக் குடும்பம்

மேடேக் ஏழை வீட்டுப் பிள்ளை அல்ல. அயோவா மாநிலத்தில் நியூட்டன் என்ற சிறு நகரத்தில் பிறந்தவர். அவருடைய கொள்ளுத்தாத்தா 1893-ல் தொடங்கிய கம்பெனிதான், பின்னாளில் துணி துவைக்கும் எந்திரத்தால் அமெரிக்கா முழுவதும் பெயர் பெற்றது. அவருடைய தந்தை 1941-ல் பாலாடைக்கட்டி தயாரிக்கத் தொடங்கினார். நீல நிறப் பூஞ்சணம் ஓடும் பாலாடைக்கட்டி அது. பக்குவம் தப்பினால் பால் முழுவதும் பாழ். பிள்ளை அதைப் பார்த்து வளர்ந்தார்.

வீட்டில் பணம் இருந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது நேர்மை ஆகாது. கையில் காசு இல்லாதவர், மேடேக் பொறுத்த அளவு பொறுத்திருக்க முடியாது.

அவர் வாங்கிய கம்பெனியின் பெயர் ஆங்கர். ஆங்கர் என்றால் நங்கூரம். 1896-ம் ஆண்டு முதல் அந்தப் பெயர் அந்த ஊரில் உண்டு. அங்கே தயாரானது "ஸ்டீம் பீர்". ஸ்டீம் என்றால் நீராவி. ஆனால், அதில் நீராவி எதுவும் கிடையாது! பீப்பாயைத் திறந்ததும் "புஸ்" என்று காற்று சீறுவதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள்.

1848-ல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. உலகமே அங்கே ஓடியது. ஓடியவர்களுக்குப் பீர் வேண்டும். ஜெர்மானியர் செய்யும் லாகர் என்ற பீரைக் குளிரில் வைத்துத்தான் பக்குவப்படுத்துவார்கள். கலிபோர்னியாவிலோ ஐஸ் கிடைக்கவில்லை. எனவே, ஆழம் இல்லாத அகன்ற தொட்டிகளில் ஊற்றி, கடற்காற்றிலேயே ஆறவிட்டார்கள். இல்லாமையில் பிறந்த ஒரு பக்குவம்! அந்தப் பக்குவத்தைக் கைவிடாமல் வைத்திருந்த கடைசிக் கம்பெனி, ஆங்கர்.

புளித்துப்போன சரக்கு

வாங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. சரக்கு சரியாக இல்லை. பல பீப்பாய்கள் புளித்தன. கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். கருவிகள் பழையவை. சுத்தமும் போதவில்லை.

இங்கே நம் வீட்டுப் பெண்களுக்கு ஒரு விஷயம் எளிதில் புரியும். இட்லி மாவு பொங்குவது வேறு, கெட்டுப்போவது வேறு. இரண்டுக்கும் காரணம் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தான். பீரும் அப்படியே. பார்லியை முளைகட்டி, உலர்த்தி, வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்பான சாறு வரும். ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைப் போட்டு அதைக் கொதிக்க வைப்பார்கள். கசப்பும் மணமும் அந்தப் பூவால் வருபவை. பிறகு ஆறவைத்து ஈஸ்ட் சேர்ப்பார்கள். ஈஸ்ட் மட்டும் வேலை செய்தால் பீர். வேறு கிருமி நுழைந்தால் காடி.

பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர், பீர் ஏன் கெடுகிறது என்று 1876-லேயே புத்தகம் எழுதிவிட்டார். மேடேக் அவருடைய எழுத்தைத் தேடிப் படித்தார். ஒரு மைக்ராஸ்கோப் வாங்கினார். குழாய், தொட்டி, பீப்பாய் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவினார். கல்லூரியில் அவர் படித்தது இலக்கியம். ரசாயனம் அல்ல.

அந்த வேலையில் ஆண்டுகள் ஓடின. 1969-ல் கம்பெனி முழுவதும் அவர் கைக்கு வந்தது. 1971-ல்தான் பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கினார். 1975-ல்தான் முதன்முதலாக லாபம் வந்தது. எண்ணிப் பாருங்கள், பத்து ஆண்டுகள்!

எதிர்த் திசையில்

அப்போது அமெரிக்கப் பீர் எப்படி இருந்தது? 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு. அதில் பல கம்பெனிகள் ஒழிந்தன. தப்பியவற்றையும் பிற்காலத்தில் பெரிய கம்பெனிகள் விழுங்கின. பெரிய கம்பெனிகள் பார்லியோடு அரிசியும் சோளமும் சேர்த்தன. கசப்பைக் குறைத்தன. யாருக்கும் பிடிக்காமல் போகக் கூடாது என்று ருசியை மெலிதாக்கிக்கொண்டே போயின. 1975-ல் மில்லர் கம்பெனி, இன்னும் மெலிந்த "லைட்" பீரை நாடு முழுவதும் கொண்டுவந்தது. நன்றாகவும் விற்றது.

அதே 1975-ம் ஆண்டு ஏப்ரலில் மேடேக் என்ன செய்தார் தெரியுமா? இன்னும் கசப்பான பீர் ஒன்றைக் காய்ச்சினார்! அமெரிக்க விடுதலைப் போர் வீரர் பால் ரிவியர், எதிரிப் படை வருகிறது என்று குதிரையில் போய் எச்சரித்த நிகழ்ச்சிக்கு அப்போது 200-வது ஆண்டு. அதன் நினைவாக "லிபர்ட்டி" என்று பெயர் வைத்தார். அதில் போட்டது காஸ்கேட் என்ற புதிய ரக ஹாப்ஸ் பூ. பம்பளிமாஸ் பழத்தின் தோலைக் கிள்ளினால் ஒரு மணம் வருமே, அந்த மணம் அதற்கு உண்டு. இன்று அமெரிக்காவில் சிறிய பீர்க் கம்பெனி என்றாலே நினைவுக்கு வருவது அந்த மணம்தான். அன்று அதைக் கேட்டவர் யாரும் இல்லை.

அரிசி, சோளம் எதையும் அவர் சேர்க்கவில்லை. முழுக்க முழுக்கப் பார்லி. ஹாப்ஸையும் முழுப் பூவாகவே போட்டார். இதை வெறும் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். கணக்கும் உண்டு. மெலிந்த பீரைப் பெரிய கம்பெனி எவ்வளவு மலிவாகச் செய்யுமோ, அவ்வளவு மலிவாகச் சின்னக் கம்பெனி செய்யவே முடியாது. பெரியவன் செய்ய மறுக்கிற ருசிதான் சின்னவனுக்கு மிஞ்சிய இடம்.

சொந்த ருசியை நம்பினேன், ஜெயித்தேன் என்று பேசுகிறவர்கள் பலர். அந்த ருசி முதலில் தன் சரக்கையே குறை சொல்லும். அதை அவர்கள் சொல்வதில்லை. மேடேக்கின் நாக்கு முதலில் கண்டுபிடித்தது, தன் பீப்பாயில் இருந்த புளிப்பை.

இன்னொருவர் கதையையும் கேளுங்கள். கலிபோர்னியாவில் சிகோ என்ற ஊரில் கென் கிராஸ்மன் என்பவர், 1980-ல் சியரா நெவாடா என்ற பீர்க் கம்பெனியைத் தொடங்கினார். அதற்கு முன்பு சைக்கிள் பழுது பார்த்தவர். பால் பண்ணைகளில் கழித்துப் போட்ட கலன்களை வாங்கி, தானே பற்றவைத்துச் சேர்த்தார். "பேல் ஏல்" என்ற பீரைக் காய்ச்சினார். ஒருமுறை போல் மறுமுறை வரவில்லை. காய்ச்சிய பீரைச் சாக்கடையில் ஊற்றினார். மறுபடி காய்ச்சினார். மறுபடி ஊற்றினார். சுமார் பத்து தடவை! கடன் வாங்கித் தொழில் தொடங்கியவர் சரக்கைக் கொட்டுவது என்றால் சும்மாவா? "விற்றுத் தொலைக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது?" என்றுதான் எவருக்கும் தோன்றும். அவர் நாக்குக்குத் தெரிந்தது. அவர் விற்கவில்லை. அந்தக் கம்பெனி அமெரிக்காவின் பெரிய பீர்க் கம்பெனிகளில் ஒன்றாக வளர்ந்தது. வளர்ந்த பிறகும் குடும்பத்தின் கையிலேயே இருக்கிறது.

ஜெயித்தவர்களை மட்டும் சொன்னால் போதாது. ஜாக் மெக்காலிப் என்று ஒருவர். கப்பற்படையில் இருந்தபோது ஸ்காட்லாந்தில் நல்ல பீர் ருசி பார்த்தவர். 1976-ல் சொனோமா என்ற ஊரில் நியூ ஆல்பியன் என்ற கம்பெனியைத் தன் கையாலேயே கட்டினார். கிராஸ்மனுக்கு முன்னோடி அவர்தான். அவருக்கும் ருசியில் குறை இல்லை. உழைப்பிலும் குறை இல்லை. ஆனால் அளவு மிகச் சிறியது. விரிவுபடுத்தக் கேட்ட பணம் கிடைக்கவில்லை. 1982-ல் கம்பெனியை மூடினார். நாக்கு நல்ல நாக்காக இருந்தால் மட்டும் கடை ஓடிவிடாது. வாடகை, கூலி, கொள்முதல் கணக்கும் உதைக்காமல் இருக்க வேண்டும்.

1970-களின் இறுதியில் அமெரிக்காவில் மொத்தம் 100 பீர்க் கம்பெனிகள்கூட இல்லை. இன்று 9 ஆயிரத்துக்கும் அதிகம். அத்தனைக்கும் வழி திறந்தவர்கள் என்று இந்த மூவரையும் சொல்கிறார்கள். மூவரில் மூத்தவர் மேடேக்.

நங்கூரம் பெயர்ந்தது

லாபம் வந்த பிறகு மேடேக் 1979-ல் ஒரு குன்றின் மேல் இருந்த பழைய காப்பிக் கொட்டை வறுக்கும் கட்டடத்துக்குக் குடிபோனார். ஜெர்மனியில் இருந்து செம்புக் கொப்பரைகள் வந்தன. சரக்குக்குக் கிராக்கி ஏறியது. 1992-ல் பங்கு வெளியிட்டுப் பணம் திரட்டிப் பெரிதாக வளரலாம் என்ற பேச்சு வந்தது. யோசித்துப் பார்த்தார். வேண்டாம் என்று விட்டுவிட்டார். தன் கண்ணும் நாக்கும் எட்டும் அளவுக்கு இருந்தால் போதும் என்பது அவர் எண்ணம்.

1975 முதல் ஒவ்வொரு ஆண்டும் கிறிஸ்துமசுக்குத் தனிப் பீர் ஒன்று அங்கிருந்து வரும். ஒவ்வோர் ஆண்டும் வேறு பக்குவம். லேபிளில் ஒவ்வோர் ஆண்டும் வேறு மரத்தின் படம், கையால் வரைந்தது. அந்த லேபிளைச் சேர்த்து வைக்கிறவர்கள் பலர் உண்டு.

2010-ல், 72-வது வயதில், மேடேக் கம்பெனியை விற்றார். வாங்கியவர்கள் 2017-ல் ஜப்பானின் சப்போரோ கம்பெனிக்கு விற்றார்கள். விலை 8 கோடியே 50 லட்சம் டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. பழைய கார் விலைக்கு வந்த கம்பெனி!

பிறகு கொரோனா வந்தது. ஓட்டல்கள் மூடிக் கிடந்தன. விற்பனை சரிந்தது. 2021-ல் புது உரிமையாளர்கள் பழைய லேபிளை எடுத்துவிட்டு, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் புது லேபிள் ஒட்டினார்கள். பழைய வாடிக்கையாளர்கள் கோபப்பட்டார்கள். மேடேக்கே இருந்திருந்தாலும் கொரோனாக் காலத்தை எப்படிச் சமாளித்திருப்பார், யார் கண்டது? ஆனால், கூட்டம் மிகுந்த கடைவீதியில் நம்மை அடையாளம் காட்டுவது நம் பழைய முகம்தான். வியாபாரம் இளைத்த நேரத்தில் அந்த முகத்தை மாற்றியது தப்புக் கணக்கு என்றே நாம் நினைக்கிறோம்.

2023 ஜூன் மாதம், கிறிஸ்துமஸ் பீர் இனி கிடையாது என்று அறிவித்தார்கள். ஜூலையில் கம்பெனியையே மூடுவதாக அறிவிப்பு வந்தது. 127 ஆண்டுப் பெயர். தொழிலாளிகள் வேலை இழந்தார்கள். கம்பெனியைத் தாங்களே வாங்கி நடத்த முடியுமா என்றுகூட அவர்கள் முயன்று பார்த்தார்கள். கைகூடவில்லை.

2024-ல் ஹம்தி உலுகாயா என்பவர் அதை வாங்கினார். துருக்கியில் ஆடு மேய்க்கும் குர்து குடும்பத்தில் பிறந்தவர். அமெரிக்காவுக்குப் படிக்க வந்தவர். அங்கே விற்ற தயிர் அவருக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் சாப்பிட்ட கெட்டித் தயிரை நினைத்துக்கொண்டு, 2005-ல் நியூயார்க் மாநிலத்தில் மூடிப்போன ஒரு தயிர்த் தொழிற்சாலையை வாங்கினார். தன் நாக்குக்குச் சரியான தயிர் வரும்வரை செய்து பார்த்தார். 2007-ல்தான் முதல் தயிர் கடைக்குப் போனது. அதுதான் இன்று அமெரிக்கா முழுவதும் விற்கும் சோபானி தயிர்.

குன்றின் மேல் உள்ள கட்டடம், செம்புக் கொப்பரைகள், ஸ்டீம் பீரின் செய்முறை எல்லாம் இப்போது அவர் கையில்.