வீட்டுக் கடனும் கடன் மதிப்பெண்ணும்

கல்லூரியை விட்டு நீங்கும் நாளில், மதிப்பெண் என்னும் தொல்லை இன்றோடு ஒழிந்தது என்று எண்ணி மகிழாத மாணவர் இலர். அம்மகிழ்ச்சி நெடுநாள் நில்லாது என்பதை அறிவிக்கவே இச்சிறு கட்டுரை எழுதலானேன். உத்தியோகத்தில் அமர்ந்து, மணம் புரிந்து, வாடகை வீட்டின் உரிமையாளரோடு வாதாடிச் சலித்து, சொந்தமாக ஒரு வீடு வேண்டுமென்று வங்கியின் வாயிலை அடைகின்ற காலத்தில் மற்றுமொரு மதிப்பெண் நம்மிடம் கேட்கப்படும். அதற்குரிய தேர்வோ பல ஆண்டுகட்கு முன்னரே, நாம் அறியாமலே, தொடங்கிவிட்டிருக்கும்.

பொதுமக்கள் சிபில் ஸ்கோர் என்று வழங்குவது இதனையே. சிபில் என்பது 2000-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஒரு நிறுவனத்தின் பெயர். அது நாளடைவில் அந்நிறுவனம் இடும் மதிப்பெண்ணுக்கே ஆகிவந்தது. இலக்கணம் பயிலும் மாணவர் ஆகுபெயருக்கு இதனைப் புதியதோர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்னும் நான்கு நிறுவனங்கள் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு உட்பட்டு, இந்திய ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு இத்தொழிலைச் செய்கின்றன. கடன் கொடுத்த வங்கிகள் தம் கடனாளிகள் தவணை செலுத்திய வரலாற்றை இவற்றுக்கு அனுப்புகின்றன. திங்களுக்கு இருமுறையேனும் அனுப்பவேண்டும் என்னும் விதி 2025 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. அவ்வரலாற்றைக் கொண்டு 300 முதல் 900 வரை ஓர் எண் இடப்படுகின்றது. 750-க்கு மேற்பட்ட எண்ணையே வங்கிகள் பெரும்பாலும் விரும்புகின்றன.

இவ்வெண் ஒருவருடைய செல்வத்தை அளப்பது என்று பலர் கருதுகின்றனர். அது தவறு. சம்பளம் எவ்வளவு, வீட்டில் நகை எவ்வளவு, வங்கியில் வைப்புத்தொகை எவ்வளவு என்னும் கேள்விகளுக்கு இம்மதிப்பெண்ணில் இடமே இல்லை. கொடுத்த வாக்கைக் குறித்த நாளில் காத்தாரா என்பது ஒன்றே இதன் பெருங்கேள்வி. ஆதலின், மாதம் இரண்டு இலட்சம் ஈட்டும் பொறியாளர் ஒருவர் மறதியால் தாழ்ந்து நிற்பதும், தையல் இயந்திரத்திற்கு வாங்கிய சிறுகடனைத் தவணை தவறாது கட்டிய பெண்மணி உயர்ந்து நிற்பதும் இங்கே நிகழக்கூடியனவே.

இதனால் வரும் ஊதியம் யாது எனின், கணக்கிட்டுக் காட்டுவேன். 30 இலட்சம் ரூபாயை 20 ஆண்டுக் கெடுவில் 8.5 விழுக்காடு வட்டிக்குப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 26,035 ரூபாய். அதே தொகைக்கு வட்டி 9.5 விழுக்காடானால் தவணை 27,964 ரூபாய். வட்டியிலே ஒரு விழுக்காடு என்பது கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். 20 ஆண்டு முடிவிலோ அது 4,60,000 ரூபாய்க்கு மேற்பட்ட வேறுபாடாக வளர்ந்துவிடுகின்றது. பல வங்கிகள் மதிப்பெண்ணை நோக்கியே வட்டியைக் கூட்டியும் குறைத்தும் விதிக்கின்றன. எண் மிகத் தாழ்ந்தவர்க்கோ வட்டியைப் பற்றிய பேச்சே எழுவதில்லை. விண்ணப்பம் திரும்பி வந்துவிடும்.

நிற்க. நம் மாணவர்க்கு இச்செய்தி எட்டாத் தொலைவில் உள்ளதன்று. கல்விக் கடன் பெற்றுப் பயில்வோர் நம்மிடையே பலர். படிப்புக் காலமும் அதன்மேல் ஓராண்டும் தவணைக்கு விலக்கு உண்டு. அவ்விலக்குக் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். விலக்கு முடிந்த முதல் திங்களிலேயே தவணை தொடங்கிவிடுகின்றது. வேலை கிடைக்கவில்லை, கிடைத்த வேலைக்குச் சம்பளம் போதவில்லை என்று வாளா இருந்தால், தவறிய ஒவ்வொரு திங்களும் அறிக்கையிலே பதிவாகும். அறிக்கை 36 திங்கள் வரையிலான ஒழுங்கை மாதவாரியாகக் காட்டுவது. அன்றியும், அக்கடனில் தந்தையாரோ தாயாரோ உடன் கையொப்பமிட்டிருப்பர். மகன் தவறிய தவணை அவர்கள் பெயரிலும் ஏறும். தம் வாழ்நாளில் ஒருவரிடமும் கைமாற்றுக்கூட வாங்காத தந்தையார், மகளின் மணத்திற்கென வங்கிக்குச் சென்றபோது தலைகுனிந்து திரும்பியதை நான் அறிவேன். தவணை கட்ட இயலாதெனின் கெடு தவறுமுன் வங்கியாளரைக் கண்டு பேசிக் காலநீட்டிப்புக் கேட்பதே முறை. அவர்கள் எல்லாரும் கல்நெஞ்சர் அல்லர்.

நண்பர்க்கு ஜாமீன் நிற்பதும் இத்தகையதே. அவர் தவறினால் அக்கறை நம் அறிக்கையிலும் படியும். விடுதி அறையில் ஒன்றாய் உண்டு உறங்கிய நட்பை இதற்காக மறுப்பதோ என்று கேட்பர். மறுக்கவேண்டா, ஆயினும் நண்பர் தவறினால் முழுத்தொகையும் நாமே கட்டுதல் கூடுமா என்று தம்மைத் தாமே வினவியபின் கையொப்பம் இடுக.

பழைய மாணவர் ஒருவரின் கதையை ஈண்டுச் சொல்லுதல் வேண்டும். வேலையின்றி இருந்த காலத்தில் அவருடைய கடன் அட்டையில் 40,000 ரூபாய் நிலுவை நின்றது. வசூலிப்பவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, 22,000 கட்டினால் கணக்கை முடித்துவிடுவோம் என்றார். இவரும் எங்கோ புரட்டிக் கட்டினார். பீடை ஒழிந்தது என்று உறங்கினார். ஐந்தாண்டுகள் கழிந்தன. நல்ல உத்தியோகம் அமைந்தது. வீடு ஒன்றைப் பேசி, ஒரு இலட்சம் முன்பணமும் கொடுத்து, மூன்று திங்களில் கிரயம் என்று ஒப்பந்தம் எழுதினார். வங்கி மறுத்துவிட்டது. காரணம், அறிக்கையிலே அப்பழைய கணக்கின் எதிரே செட்டில்டு என்றிருந்த ஒரு சொல். முழுதும் கட்டி முடித்த கணக்குக்கு அச்சொல் இடப்படுவதில்லை. கொடுக்கவேண்டியதிற் குறைத்துக் கொடுத்தார் என்பதே அதன் பொருள். வீட்டின் சொந்தக்காரர் காத்திருக்க இசையவில்லை. முன்பணத்திற் பாதியே திரும்பிற்று.

பின்னர் அவர் செய்தது யாவர்க்கும் பயன்படுவது. எஞ்சிய 18,000 ரூபாயையும் அவ்வங்கிக்குச் செலுத்தி, நிலுவை இல்லை என்னும் சான்றிதழைப் பெற்று, கணக்கு முடிவுற்றதென அறிக்கையில் திருத்துவித்தார். கையிலிருந்த மற்றோர் அட்டையில், அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் செலவிட்டு, முழுத்தொகையையும் கெடுவுக்கு முன்பே கட்டிவந்தார். புதுக்கடன் எதற்கும் விண்ணப்பிக்கவில்லை. மதிப்பெண்ணை விரைவில் உயர்த்தித் தருவோம் என்று பணம் கேட்டு வந்த தரகர்களையும் அண்டவிடவில்லை. உண்மையான பதிவை எந்தத் தரகராலும் அழித்தல் இயலாது. பொய்யான பதிவைத் திருத்தத் தரகர் வேண்டுவதில்லை. நாமே முறையிடலாம். 30 நாட்களுக்குள் குறை தீராவிடில் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டென்று ரிசர்வ் வங்கி 2023-இல் ஆணையிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை ஒவ்வொரு நிறுவனத்திடமிருந்தும் கட்டணமின்றிப் பெறலாம். நாமே பார்ப்பதால் எண் குறையாது. பல வங்கிகளில் அடுத்தடுத்து விண்ணப்பித்தால் குறையும்.

வீடு வாங்கும் தருவாயில் நேரும் பிழை மற்றொன்று. 30 இலட்சம் வரையிலான கடனுக்கு வீட்டின் விலையில் 90 விழுக்காட்டுக்கு மேல் வங்கி கொடாது. முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு எனத் தமிழ்நாட்டிற் பொதுவாக ஆகும் செலவும் நம்முடையதே. இத்தொகைக்கென இறுதி நேரத்தில் தனிநபர் கடன் வாங்குவோர், தம் மதிப்பெண்ணையும் தவணை தாங்கும் வலிமையையும் ஒருங்கே குறைத்துக்கொள்கின்றனர். ஆதலின் வீட்டைத் தேடத் தொடங்குமுன் ஓராண்டேனும் அறிக்கையைத் திருத்துவதிலும் கைப்பணம் சேர்ப்பதிலும் செல்லவேண்டும் என்பது என் துணிபு.

இம்முறையில் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. கடனே வாங்காது செட்டாக வாழ்ந்தவர்க்கு வரலாறே இல்லை என்று இது கூறுகின்றது. அவ்வொன்றையே காரணமாகக் கொண்டு முதன்முறை விண்ணப்பிப்போரை மறுத்தலாகாது என்று 2025-இல் மத்திய நிதி அமைச்சகம் மக்களவையில் தெரிவித்தது. நன்று, எனினும் கிளையில் அமர்ந்திருப்பவர் எண் ஒன்றைக் காணவே விழைகின்றார். சிறிய கடன் அட்டை ஒன்றை வைத்திருந்து மாதந்தோறும் முழுதும் கட்டிவருதல், இக்குறைக்கு நான் அறிந்த எளிய மருந்து.

மேற்சொன்ன பழைய மாணவர் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழித்து வேறொரு வீடு வாங்கினார். முன்னதினும் சிறியது, பேருந்து நிலையத்திற்குச் சற்றுத் தொலைவு. அவர் தம்பி நம் கல்லூரியில் இறுதி வகுப்பிற் பயில்கின்றார். சென்ற விடுமுறையில் தந்தையாருடன் அமர்ந்து தம் கல்விக் கடனின் அறிக்கையை வரிவரியாகப் பார்த்ததாகவும், தந்தையார் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருக்கக் கண்டு திருத்தத்திற்கு எழுதியிருப்பதாகவும் என்னிடம் சொன்னார்.