பிரேக் இருக்கக் கிளட்ச் தேய்வானேன்?

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். ஓடும் காரில் கியரைக் குறைப்பதற்குப் பிரெஞ்சில் 'ரெத்ரொகிராதே' என்பார்கள். ஒருவரைக் கீழ்ப்பதவிக்கு இறக்கினாலும் அதே சொல்தான். குமாஸ்தாவாகக் காலம் தள்ளிய எனக்கு அது பொருத்தமாகவே படும். இரண்டிலும் அவசரம் கூடாது.

தஞ்சாவூர்ப் பக்கம் கார் ஓட்டுபவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி ஸ்பீடு பிரேக்கரைத் தூரத்தில் கண்டதுமே நியூட்ரலில் உருட்டும், பெட்ரோல் மிச்சமாம். மற்றது, பிரேக் தேயக் கூடாதென்று தேர்டு, செகண்ட் என்று கியரிலேயே வண்டியை அடக்கப் பார்க்கும். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை.

நியூட்ரல் கணக்கு, கார்புரேட்டர் வைத்த அம்பாசடர் காலத்துக் கணக்கு. இன்றைய இன்ஜெக்ஷன் வண்டிகளில், கியரில் ஓடும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், வேகம் நன்றாகக் குறையும்வரை பெட்ரோல் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமலிருக்கக் கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது கட்சிக்கு வருவோம். அதே வேகத்தில் தேர்டிலிருந்து செகண்டுக்கு இறக்கினால், இன்ஜின் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகமாகச் சுழல வேண்டும். அந்த வித்தியாசத்தை யார் தாங்குவது? கியர்பாக்ஸுக்குள் பற்களை உரசாமல் சேர்த்துவைக்கும் சிங்க்ரோ வளையம் கொஞ்சம். கிளட்ச் பிளேட் மீதி. கிளட்சை விடும்போது வண்டி குலுங்குகிறதே, அது இந்த வித்தியாசம்தான். பிரேக் பேடு மாற்றச் சக்கரத்தைக் கழற்றினால் போதும். கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். பென்ஷன்காரர்களுக்கு இந்தக் கூலிக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது கதை வேறு. அங்கே பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். செகண்ட் கியர்தான் காப்பாற்றும். நம் டெல்டாவில் ஆற்றுப் பாலத்தை விட்டால் மேடு ஏது?

ஆகவே முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறையுங்கள். பிறகு ஒரே தடவை கியரை இறக்குங்கள். கிளட்சை விடுமுன் ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டால் குலுங்காது. அறுவடைக் காலத்தில் ரோட்டில் நெல்லும் வைக்கோலும் கிடக்கும்போது இது இன்னும் முக்கியம். வேகமாகப் போகையில் சடக்கென்று கியரை இறக்கினால் சக்கரம் வழுக்கும். கியரால் மட்டும் வேகத்தைக் குறைத்தால் பின்னால் பிரேக் விளக்கும் எரியாது. ஒட்டிக்கொண்டு வரும் டவுன் பஸ்காரருக்கு நாம் வேகம் குறைப்பது எப்படித் தெரியும்?

பிரேக் பேடு தேய்வதற்கென்றே வைத்தது. அது தேயட்டும்.