சர்வர் கூட்டத்துக்கும் கடைமடை உண்டு

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது மரபு. 2022-ல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள். ஆனால் அணை திறந்த சேதி டி.வி.யில் வந்த அன்றே திருவாரூர்க்காரர் யாரும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. தண்ணீர் கல்லணைக்கு வரவேண்டும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியவேண்டும். வெண்ணாறு நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் இன்னும் மூன்றாகப் பிரிகிறது. அதற்கப்புறம் வாய்க்கால், அதற்கப்புறம்தான் வயல். கல்லணையில் எத்தனை கனஅடி என்ற கணக்கு சரியாகவே இருக்கும், கடைசி வயல் வெடித்துக் கிடக்கும். டெல்டாவில் பிறந்தவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதே மேட்டர்தான் சர்வர் அறைகளிலும் நடக்கிறது. அங்கே மட்டும் பலருக்குப் புரிவதில்லை!

டி.ஆர்.எஸ். என்ற மடையாள்

பத்து சர்வர்களைச் சேர்த்து ஒரு கிளஸ்டர் ஆக்கி, அதில் நூறு விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டுகிறார்கள். எந்த மெஷின் எந்த சர்வரில் ஓடவேண்டும் என்று பார்த்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே இடம் மாற்றிவிடும் வேலையை வி.எம்.வேர் நிறுவனத்தின் டி.ஆர்.எஸ். செய்கிறது. இடம் மாற்றும் வித்தையான வி-மோஷன் 2003-ல் வந்தது. அதைத் தானாகவே செய்யும் டி.ஆர்.எஸ். 2006-ல் வந்தது. ஆற்றுத் தண்ணீரை வாய்க்கால்களுக்குப் பிரித்துவிடும் மடையாள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்மேல் வரும் வழக்கமான புகார் இதுதான்: "ஒரு சர்வர் 80 சதவீதத்தில் திணறுகிறது, பக்கத்து சர்வர் 40-ல் சும்மா இருக்கிறது. டி.ஆர்.எஸ். தூங்குகிறது!" உடனே அட்மின் என்ன செய்கிறார்? ஒன்று முதல் ஐந்து வரை உள்ள அளவுகோலில், மூன்றில் இருப்பதை ஐந்துக்குத் தள்ளுகிறார். மெஷின்கள் அங்குமிங்கும் அலையத் தொடங்குகின்றன. ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் நெட்வொர்க்கும் பிராசஸரும் செலவாகின்றன. மெதுவாக இருந்த மெஷின் மெதுவாகவே இருக்கிறது.

தப்பு டி.ஆர்.எஸ். மேல் இல்லை. சர்வர்களைச் சமமாக்குவது அதன் வேலையே இல்லை. ஒவ்வொரு மெஷினுக்கும் தேவையானது கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. 80-ல் இருக்கும் சர்வரில் எல்லா மெஷினும் நிம்மதியாக ஓடினால் அங்கே எதையும் நகர்த்த வேண்டியதில்லை. 2020-ல் வந்த வி-ஸ்பியர் 7-ல் வி.எம்.வேரே கணக்கை மாற்றிவிட்டது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்வர்களின் ஏற்றத்தாழ்வைப் பார்த்தது போய், நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மெஷினுக்கும் மதிப்பெண் போடுகிறது. அதாவது கல்லணை அளவுகோலை விட்டுவிட்டு வயலில் இறங்கிப் பார்க்கிறது.

எங்கே பார்க்க வேண்டும்?

முதலில், மெதுவாக இருக்கும் மெஷினின் 'சி.பி.யூ. ரெடி' அளவு. வேலை தயாராக இருந்தும் பிராசஸருக்காக வரிசையில் நின்ற நேரம் அது. 20 விநாடி கணக்கில் 2000 மில்லிவிநாடி என்று காட்டினால், ஒரு பிராசஸர் உள்ள மெஷின் பத்தில் ஒரு பங்கு நேரம் காத்துக்கிடந்தது என்று அர்த்தம். இந்த அளவு சொற்பமாக இருந்தால் பிரச்சினை பெரும்பாலும் வேறெங்கோ: டிஸ்க், டேட்டாபேஸ், புரோகிராம்…

இரண்டாவது, டி.ஆர்.எஸ். உண்மையிலேயே முழுத் தானியங்கியாக இருக்கிறதா? கையால் இயக்கும் முறையில் வைத்திருந்தால் அது ஆலோசனை மட்டும் சொல்லிவிட்டு அனுமதிக்காகக் காத்திருக்கும். பல "தூங்குகிறது" புகார்கள் இங்கேயே முடிந்துவிடும்.

மூன்றாவது, மெஷினால் நகர முடியுமா? அந்த சர்வரின் சி.டி. டிரைவோடு கட்டிப்போட்டிருந்தால் நகராது. லோக்கல் டிஸ்க்கில் மட்டும் இருந்தால் டி.ஆர்.எஸ். அதைத் தொடாது. பழைய தலைமுறை பிராசஸருக்கும் புதியதற்கும் ஒத்துப்போகாவிட்டாலும் அப்படித்தான். "இந்த மூன்று மெஷினும் ஒன்றாக இருக்கக்கூடாது" என்று விதி எழுதிவிட்டு இரண்டே சர்வர் வைத்திருந்தால் டி.ஆர்.எஸ். என்ன செய்யும், பாவம்!

நான்காவது, எவரோ என்றோ போட்ட உச்சவரம்பு. சோதனைக்காக 1000 மெகாஹெர்ட்ஸ் என்று வரம்பு வைத்து மறந்துபோயிருப்பார்கள். அந்த மெஷினை எந்த சர்வருக்கு மாற்றினாலும் வரம்பும் கூடவே போகும்.

ஐந்தாவதுதான் ரொம்பப் பேரை ஏமாற்றுவது: ரிசோர்ஸ் பூல். முக்கியமான மெஷின்கள் இருபதை 'உயர்வு' பூலில் போடுகிறார்கள், அதற்கு 8000 பங்கு. சோதனை மெஷின்கள் இரண்டை 'தாழ்வு' பூலில் போடுகிறார்கள், அதற்கு 2000 பங்கு. நெருக்கடி வந்தால் முக்கிய மெஷினுக்குத் தலைக்கு 400, சோதனை மெஷினுக்குத் தலைக்கு 1000! பெரிய வாய்க்கால்தான், ஆனால் வயல்கள் அதிகம். பெயரைப் பார்த்து ஏமாந்தால் கடைமடை காயும்.

கையாலேயே செய்தால் என்ன?

"இந்தத் தானியங்கியே வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்பவர்கள் உண்டு. பகலில் சரி. தேர்வு முடிவு வெளியாகும் நாளில், லட்சம் பேர் ஒரே நிமிடத்தில் வந்து விழும்போது, எந்த அட்மின் கையால் பிரித்துவிடுவார்? தானியங்கி தேவைதான். அதற்கு இட்ட விதிகளை மனிதர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும், அவ்வளவே. ஒவ்வொரு விதிக்கும் யார் போட்டது, எதற்கு, எந்தத் தேதி என்று ஒரு நோட்டில் எழுதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேவையில்லாததை நீக்கினால் பாதி தலைவலி தீரும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மொத்தத் தண்ணீரே குறைவாக இருந்தால் டெல்டாவில் முறை வைத்து விடுவார்கள். அது பங்கீடு, தண்ணீரைப் பெருக்குவதல்ல. எல்லா சர்வரும் நிரம்பி வழிந்தால் டி.ஆர்.எஸ்.ஸாலும் புது பிராசஸரை உண்டாக்க முடியாது. அப்போது அளவுகோலைத் திருகிக்கொண்டிருக்காமல், இன்னொரு சர்வர் வேண்டும் என்று நிர்வாகத்திடம் நேராகக் கேட்பதுதான் நேர்மை.

கூத்தாநல்லூரிலோ திருத்துறைப்பூண்டியிலோ ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, திறக்காத ரிசல்ட் பக்கத்தைத் திரும்பத் திரும்ப அழுத்தும் மாணவிக்கு கிளஸ்டர் படம் பச்சையாக இருப்பதில் என்ன பயன்? அட்மின்கள் முதலில் பார்க்கவேண்டியது அவள் பக்கம் ஓடும் அந்த ஒரு மெஷினைத்தான்.