சாவி கைமாறினால் போதுமா?

கடந்த மாதம் எங்கட ஊர்ச் சந்தி மதிலில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. ஊரின் பழைய மடத்தையும் அதோடு சேர்ந்த வாசிகசாலைக் கட்டடத்தையும் பராமரித்துவரும் தர்ம நிதியம், இரண்டையும் “உரிய தரப்பிடம் கையளிக்கத் தீர்மானித்துள்ளது” என்று அதில் இருந்தது. தை மாதம் விழாவாம். பிரதம விருந்தினர்கூட முடிவாகிவிட்டார். உரிய தரப்பு ஆர் என்பது மட்டும் அதில் இல்லை.

போய்க் கேட்டோம். “தம்பியவை, அதுகளைப் பெரியாக்கள் பாத்துக்கொள்ளுவினம். நீங்கள் விழாவுக்கு வாங்கோ” என்று மறுமொழி வந்தது. கோபத்தோடு சொன்னதில்லை; அன்பாகத்தான் சொன்னார்கள். ஊர்ச் சொத்தைப் பற்றி ஊரில் இருப்பவர்கள் கேட்கத் தேவையில்லை என்ற எண்ணம் எவ்வளவு இயல்பாக ஊறிப்போயிருக்கிறது என்பதற்கு அந்த அன்பே சாட்சி.

ஒன்றை நாங்கள் மறைக்கக்கூடாது. யுத்த காலத்திலும் இடப்பெயர்வுக்குப் பிறகும் அந்தக் கட்டடங்கள் நின்றதென்றால் அதற்கு இந்த நிதியத்தில் இருந்தவர்கள்தான் காரணம். ஓடு மாற்றினார்கள், கிணறு இறைத்தார்கள், பத்திரிகைக் காசு கட்டினார்கள். இப்போது அவர்களுக்கு வயது போய்விட்டது. பாதிப்பேர் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். ஆரிடமாவது ஒப்படைக்கவேண்டும் என்று அவர்கள் நினைப்பதில் பிழையில்லை. ஆரிடம், என்ன நிபந்தனையோடு, ஆரைக் கேட்டு என்பதில்தான் எங்களுக்குப் பிரச்சினை.

மடம் என்பது என்ன? பருத்தித்துறைத் தெருமூடி மடத்தைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். தெரு நடுவால் போகும், மேலே கூரை, இரண்டு பக்கமும் திண்ணை. நடந்து வந்தவன் இருந்து களையாறிப் போகலாம். இப்படியான மடங்களுக்குப் பக்கத்தில் கிணறோ கேணியோ இருக்கும். சுமைதாங்கியும் ஆடு மாடு உடம்பு உரஞ்ச ஆவுரஞ்சிக் கல்லும் இருக்கும். வழிப்போக்கனுக்கும் மாட்டுக்கும் சேர்த்து யோசித்துக் கட்டிய இடம் அது. கட்டியவர் தன் பிள்ளைகளுக்கு எழுதிவைக்காமல் தர்மத்துக்கு எழுதிவைத்தார் என்றால், அதைப் பாவிப்பவர்களுக்காகத்தான் எழுதிவைத்தார்.

சட்டமும் இதைத்தான் சொல்லுது. எங்கட நாட்டில் 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. நம்பிக்கைப் பொறுப்பாளர் சொத்தின் சொந்தக்காரர் போல நடக்க முடியாது. எந்த நோக்கத்துக்காக எழுதப்பட்டதோ அந்த நோக்கத்துக்குக் கட்டுப்பட்டவர் அவர். பொது அறத்துக்கான ஒரு நம்பிக்கைப் பொறுப்பில் அக்கறையுள்ள ஐந்து பேர் சேர்ந்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம், கணக்குக் கேட்கலாம். கோடேறுவது எங்கட விருப்பமில்லை. ஆனால் “இதைக் கேட்க நீங்கள் ஆர்?” என்ற கேள்விக்கு நூறு வருடத்துக்கு முந்தியே பதில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

சரி, ஊர் என்றால் ஆர்? இந்தக் கேள்வியைத் தொடாமல் யாழ்ப்பாணத்தில் ‘ஊர்ச் சொத்து’ என்று பேசுவது பொய். எல்லாருக்கும் என்று சொல்லப்பட்ட திண்ணையில் எல்லாரும் இருக்கவில்லை. எல்லாருக்கும் என்று வெட்டிய கிணற்றில் எல்லாரும் அள்ளவில்லை. சாதியைக் காட்டிப் பொது இடங்களில் தடுப்பது குற்றம் என்று 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதுக்குப் பதினொரு வருடம் கழித்தும், 1968இல், மாவிட்டபுரத்தில் கோயில் வாசலில் நின்று போராடவேண்டியிருந்தது. எங்கட நிதியத்தின் உறுப்பினர் பட்டியலை எடுத்துப் பாருங்கோ. நாலைந்து குடும்பங்களின் பெயர்தான் திரும்பத் திரும்ப வருகிறது. ஒழுங்கைக்கு அந்தப்பக்கம் இருக்கிற சனம் ஒருத்தரும் இல்லை. பெண்கள் ஒருத்தரும் இல்லை. பின்னேரத்தில் அந்த வாசிகசாலை வாங்கில் ஒரு பெண்பிள்ளை இருந்து பேப்பர் வாசித்ததை நாங்கள் கண்டதில்லை. இந்தப் பட்டியலே கூடி, இந்தப் பட்டியலே தீர்மானித்து, தங்களுக்குத் தெரிந்த ஒரு தரப்பிடம் கொடுத்தால், பழைய பூட்டோடுதான் கட்டடம் கைமாறும்.

உரிய தரப்பு ஆராக இருக்கலாம்? மூன்று கதை உலாவுது. பிரதேச சபை என்கிறார்கள். தொல்லியல் திணைக்களம் என்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் காசு போட்டு ‘நவீனமயப்படுத்தி’ மண்டபமாக்கப் போகிறார் என்றும் ஒரு கதை.

திணைக்களத்தை மட்டும் நம்பியிருக்க ஏலாது. தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றைத்தான் புராதனச் சின்னம் என்று கணக்கெடுக்கும். அதுக்குப் பிந்திய கட்டடத்துக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் தனியாக வர்த்தமானியில் அறிவிக்கவேண்டும். அறிவித்தாலும் கதை முடிந்துவிடாது. நல்லூர் மந்திரி மனை பாதுகாக்கப்பட்ட சின்னம்தான். 2025 செப்டெம்பர் மழையில் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. வர்த்தமானி ஓடு மாற்றாது.

நன்கொடையாளரின் ‘நவீனமயம்’ எப்படியிருக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். அந்த மடத்துச் சுவர் சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அந்தச் சாந்து ஈரத்தை உள்ளே எடுத்து வெளியே விடும். அதுக்குமேல் சீமெந்து பூசினால் ஈரமும் உப்பும் உள்ளே அடைபட்டுக் கல்லையே தின்னும். நிலத்துக்கு மாபிள், திண்ணைக்குக் கிறில், வாசலில் பெயர் பொறித்த கருங்கல். நாலு வருடத்தில் சுவர் பொரிந்து கொட்டும். கருங்கல் மட்டும் பளபளவென்று நிற்கும்.

நல்ல கையளிப்புக்கு உதாரணம் தேடி வெளிநாடு போகத் தேவையில்லை. 1933இல் கே. எம். செல்லப்பா தன் வீட்டில் புத்தகங்களை வைத்து மற்றவர்களுக்கு வாசிக்கக் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த வருடம் ஒரு குழு சேர்ந்து அதை வாடகை அறையில் நூலகமாக்கியது. 1935இல் அது பட்டின சபையிடம் ஒப்படைக்கப்பட்டது. அதுதான் 1959இல் புதிய கட்டடம் கண்ட யாழ்ப்பாணப் பொதுநூலகம். அங்கே கைமாறியது வெறும் கட்டடம் இல்லை, வாசகர் வந்துபோகும் ஒரு நூலகம். 1981இல் அதன் 97,000 நூல்களும் எரிக்கப்பட்டபோது, அந்தப் படி ஏறாதவர்கள்கூடத் தங்கட வீடு எரிந்ததுபோல் அழுதார்கள். எங்கட வாசிகசாலை நாளைக்கு இடிந்தால் அழுவதற்கு எத்தனை பேர்?

இந்தக் கேள்வி எங்களுக்கும்தான். நிதியத்தின் கூட்டத்துக்கு இளம் ஆக்கள் வாறதில்லை என்று அவர்கள் சொல்லுகினம். உண்மை. எங்களில் முக்கால்வாசிப் பேர் அந்தத் திண்ணையில் இருந்து போனைத்தான் நோண்டியிருக்கிறோம். உள்ளே அலுமாரியில் இருக்கும் பழைய பத்திரிகைக் கட்டுகளைக் கறையான் அரிப்பதைக் கண்டும் விட்டிருக்கிறோம். 2005இலிருந்து நூலகம் நிறுவனம் எங்கட சமூகத்தின் நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் சேர்த்துவருகிறது. அவர்களோடு கதைத்து எங்கட ஊர் அலுமாரியைத் திறக்க நாங்கள் ஒருநாளும் முயலவில்லை. அறிவித்தல் ஒட்டின பிறகுதான் நித்திரை கலைந்தது.

ஆனபடியால் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். விழாவைத் தள்ளிப்போடுங்கோ. தர்மசாதன உறுதியையும் கடைசிப் பத்து வருடக் கணக்கையும் வாசிகசாலைச் சுவரில் ஒட்டுங்கோ. ஒழுங்கையின் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுக் கூட்டம் வையுங்கோ. பெண்கள் வரக்கூடிய நேரத்தில் வையுங்கோ. ஆரிடம் கொடுத்தாலும் இடிக்கக்கூடாது, விற்கக்கூடாது, திண்ணையையும் கிணற்றையும் பூட்டக்கூடாது என்று எழுத்தில் கொடுங்கோ. பராமரிப்புக் குழுவில் பாவிப்பவர்களுக்கு இடம் வையுங்கோ. எங்கட பங்குக்கு அலுமாரியில் இருப்பதைப் பட்டியல்படுத்தும் வேலையை இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கத் தயார். திறப்பைத் தந்தால் சரி.

இவ்வளவும் நடந்தால் விழாவுக்கு வருவோம், கதிரையும் அடுக்குவோம். நடக்காவிட்டாலும் வருவோம். ஆனால் அன்றைக்கு எங்கட கையில் மாலை இராது. மாவட்ட நீதிமன்றத்துக்கு எழுதின மனுவில் ஐந்து கையெழுத்து இருக்கும்.