காரையை எடுத்தால் பல் ஆடுமா?

"பல் க்ளீனிங் பண்ணப் போகாதே, நல்லா இருக்கிற பல்லும் ஆட ஆரம்பிச்சிடும்." ஈறில் இரத்தம் வருகிறது என்று சொல்லிப் பாருங்கள், வீட்டில் ஒருவராவது இப்படித் தடுப்பார். அவர் பொய் சொல்லவில்லை. க்ளீனிங் முடித்து வந்ததும் அவருக்குப் பல் ஆடியிருக்கும். பழியை எதன்மேல் போடுவது என்பதில்தான் தகராறு.

கீழ் முன்பற்களின் உள்பக்கத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். எச்சில் சுரக்கும் துளை பக்கத்திலேயே இருப்பதால், துலக்காமல் விட்ட படலத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கிச் சில நாட்களிலேயே கெட்டிப்படத் தொடங்கும். அதுதான் காரை. அந்தச் சொரசொரப்பில் இன்னும் கிருமி சேரும். ஈறு வீங்கிப் பல்லை விட்டுப் பிரியும். கடைசியில் பல்லைத் தாங்கும் எலும்பே கரையும். பல் அப்போதே ஆட வேண்டியது. நாலைந்து பற்களைச் சேர்த்துக் காரை கட்டுப்போட்டதுபோல் பிடித்து வைத்திருப்பதால் தெரிவதில்லை. எடுத்ததும் தெரிந்துவிடுகிறது. பல்லிடுக்கில் திடீரென்று சந்து தோன்றுவதும் இதனால்தான்.

சரி, எடுக்காமலே விட்டால்? ஹரால்ட் லோ என்ற நார்வே நாட்டு ஆய்வாளரின் குழு, இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் 480 பேரின் வாயை 1970 முதல் 15 ஆண்டுகள் கவனித்தது. பல் துலக்கும் வழக்கமோ பல் வைத்தியமோ அறியாதவர்கள். (பார்த்துக்கொண்டே இருந்தது நியாயமா என்பது தனி வழக்கு.) 8 சதவீதத்தினருக்கு நோய் விறுவிறுவென முற்றிப் பற்கள் விழுந்தன. 81 சதவீதத்தினருக்கு நிதானமாக முன்னேறியது. மீதி 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. "எங்க தாத்தா டாக்டர் பக்கமே போகல, எண்பது வயசுலயும் முறுக்கு கடிச்சார்" என்பார்களே, அந்தத் தாத்தா இந்த 11-இல் சேர்ந்தவராக இருக்கலாம். பேரனும் அதில்தான் இருப்பான் என்று யார் சொன்னது?

க்ளீனிங் மெஷின் எனாமலைத் தேய்த்துவிடும் என்கிறார்கள். அதன் முனை அரம் போட்டுத் தேய்ப்பதில்லை. விநாடிக்கு 20,000 தடவைக்கு மேல் அதிர்ந்து காரையைப் பெயர்க்கிறது. கத்துக்குட்டி கையில் வேரில் கீறல் விழலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செங்கல்தூளும் கரியும் போட்டு வருஷக்கணக்கில் தேய்ப்பவர் எனாமலைப் பற்றிக் கவலைப்படுவதுதான் வேடிக்கை.

பல் கூசும் என்பது உண்மை. காரைக்கு அடியில் இருந்த வேர் வெளியே வந்திருக்கிறது. பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும்.

இரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தில் பிரஷ் படாமல் விடுவது க்ளீனிங்குக்குப் பயப்படுவதைவிட மோசம். அங்கேதான் படலம் சேரும், இரத்தமும் கூடும். மென்மையான பிரஷ்ஷை ஈறோரம் சாய்த்து மெதுவாகத் தேய்க்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஈறு நோய் சீக்கிரம் முற்றும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கோ நோய் முற்றினாலும் இரத்தம் அதிகம் கசியாது. அவர்கள் அதற்காகக் காத்திராமல் இப்போதே ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.