மழலை எது, குறை எது?

அண்ணனைக் ‘காக்கா’ என்றழைக்கும் நம் இல்லங்களில், மூன்று வயதுக் குழந்தை அவரைத் ‘தாத்தா’ என்று கூப்பிட்டால் வீடே மகிழ்ந்து சிரிக்கும். ஆறு வயதிலும் அக்குழந்தை அவ்வாறே அழைக்குமாயின், அது மழலையா, குறையா என்று பெற்றோராகிய நீங்கள் சிந்திக்கத்தான் வேண்டும்.

பேச்சு எவ்வாறு பிறக்கிறது? நுரையீரலிலிருந்து வரும் மூச்சுக்காற்று, குரல்வளையிலுள்ள குரல் நாண்களை அதிரச் செய்கிறது. வயது வந்த ஆணுக்கு இவை வினாடிக்கு ஏறத்தாழ 120 முறையும், பெண்ணுக்கு ஏறத்தாழ 200 முறையும் அதிர்கின்றன. குழந்தைக்கு இன்னும் விரைவாக. அவ்வொலியை இதழும் நாவும் பல்லும் அண்ணமும் சேர்ந்து எழுத்துகளாக வடிக்கின்றன. இதழ்கள் கூடினால் ‘ப’ பிறக்கும். நாநுனி மேற்பல்லைத் தொட்டால் ‘த’. நாவின் பின்பகுதி உயர்ந்து அண்ணத்தைத் தொட்டால் ‘க’. தொல்காப்பியத்தின் பிறப்பியல் விளக்குவதும், மத்ரஸாவில் உஸ்தாது ‘மக்ரஜ்’ என்று கற்பிப்பதும் எழுத்துகளின் இத்தகைய பிறப்பிடங்களையே.

‘காக்கா’வைத் ‘தாத்தா’ என்னும் குழந்தை, பின்நாவால் எழுப்ப வேண்டிய ஒலியை நுனிநாவால் எழுப்புகிறது. இது பிடிவாதமன்று. நீங்களும் ‘தாத்தா’ என்று சொல்லிப் பாருங்கள், “இல்லை, தாத்தா!” என்று சினந்து திருத்தும் குழந்தைகள் உண்டு. வேறுபாடு அதற்குத் தெரிகிறது, சொல்லத்தான் கைகூடவில்லை. அதட்டினால் கைகூடிவிடுமா?

27 மொழிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான கட்டுரையொன்று, பெரும்பாலான மெய்யொலிகள் ஐந்து வயதுக்குள் குழந்தைகளுக்கு வசப்பட்டுவிடுகின்றன என்று காட்டியது. நான்கு வயதுக் குழந்தையின் பேச்சு அயலாருக்கும் பெரும்பாலும் விளங்க வேண்டும். விளங்கவில்லையெனில், “வளர்ந்தால் சரியாகிவிடும்” என்று வாளாவிருக்காதீர்கள். பள்ளி செல்லும் வயதிலும் நீடிக்கும் பேச்சுக் குறை, எழுத்துக்கூட்டிப் படிப்பதையும் பாதிக்கக் கூடும்.

முதலில் செவியைச் சோதியுங்கள். அடிக்கடி சளி பிடித்து நடுச்செவியில் நீர் தேங்கினால் ஒலிகள் மங்கலாகவே கேட்கும். செவி தெளிவாகக் கேளாததை நா எவ்வாறு தெளிவாகச் சொல்லும்? அண்ணப்பிளவு இருப்பின் காற்று மூக்கின் வழியே கசியும். ஆயினும் பெரும்பாலான குழந்தைகளிடம் இத்தகைய காரணம் எதுவும் புலப்படுவதில்லை. ஆகவே, நாக்கின் அடியிலுள்ள சவ்வை வெட்டிவிட்டால் போதும் என்று அவசரப்படாதீர்கள். வசம்பைத் தேய்ப்பதாலும் உச்சரிப்புத் திருந்தாது.

காது மூக்கு தொண்டை மருத்துவரையும், அதன்பின் பேச்சுப் பயிற்சியாளரையும் நாடுங்கள். மைசூரில் 1965-இல் தொடங்கப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இத்துறைக்கென்றே இயங்குகிறது. வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது எளிது. “தாத்தா வந்தாச்சு” என்று குழந்தை சொன்னால், “ஆமாம், காக்கா வந்தாச்சு” என்று அதன் முகம் பார்த்துத் தெளிவாகச் சொல்லுங்கள். பத்து முறை திருப்பிச் சொல்லும்படி வதைக்காதீர்கள். விருந்தினர் முன் பேசச் சொல்லி வேடிக்கை பார்க்காதீர்கள். கேலிக்குள்ளான குழந்தை பேச்சையே குறைத்துக்கொள்ளும்.

மூஸா (அலை) அவர்கள் தம் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு இறைவனிடம் இறைஞ்சியதும், தம்மினும் தெளிவாகப் பேசும் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகக் கேட்டதும் நாம் ஓதி அறிந்தவையே. உங்கள் வீட்டுக் காக்காவும் தம்பி தங்கையைக் கண்டு நகைப்பவராக இராமல், அவர்களுக்குத் துணை நிற்பவராக இருக்கட்டும்.