விளையாட்டுக் கருவியும் அதன் விலையும்

இறுப்பிட்டியிலிருந்து ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் பெயர்ந்த நம் பழைய மாணவர், ஊரிலுள்ள பிள்ளைகளுக்கு அனுப்பும் பொருள்களுள் கணினி விளையாட்டுப் பெட்டியும் இக்காலத்து இடம்பெறுகின்றது. அதனை இயக்கும் கைக்கருவியைக் கொன்ரோலர் என்பர். வழக்கத்துக்கு மாறான கொன்ரோலருக்குப் பெரும்பொருள் செலவிடல் தகுமோ என்பதே ஈண்டு வினா.

தகாதன உள. 2002இல் யப்பானிய நிறுவனமாகிய கப்கொம், 'ஸ்டீல் பட்டாலியன்' என்னும் விளையாட்டோடு நாற்பதளவு பொத்தான்களும் மூன்று மிதிகளும் கொண்ட பெருங்கருவியொன்றை விற்றது. அமெரிக்காவில் விலை 200 டொலர். அவ்விளையாட்டுக்கும் அதன் வழிவந்த மற்றொன்றுக்குமன்றி அஃது உதவவில்லை. செல்வர் வீட்டு அலுமாரிக்கு அணி, அவ்வளவே.

2018இல் மைக்ரோசொப்ட் வெளியிட்ட 'எக்ஸ்பொக்ஸ் அடப்டிவ் கொன்ரோலர்' (பெயரிட்டவர் வாயாற் சொல்லிப் பார்த்திலர் போலும்) அவ்வினத்ததன்று. விரல்களை இயல்பாக ஆள இயலாதார்க்கென ஆக்கப்பட்டது அது. தட்டையான பலகை, முழங்கையாலோ காலாலோ அழுத்தத்தக்க இரு பெரும் பொத்தான்கள், பின்புறத்தே பத்தொன்பது செருகுதுளைகள். துளைக்கோர் ஆளியாகச் செருகி, தலை எட்டும் இடத்தில் ஒன்று, முழங்காலருகே ஒன்று என அமைத்துக்கொள்ளலாம். கணினியோடும் அது இணையும். சாதாரண கருவி 60 டொலர் விற்ற அந்நாளில் இதற்கு 100 டொலர். ஆயின் பலகை மட்டும் போதாது. 2019இல் லொஜிடெக் நிறுவனம் பன்னிரண்டு ஆளிகளைத் தொகுதியாக்கி விற்றபோது அதற்கும் 100 டொலர் ஆயிற்று.

விளையாட்டுக்கு இத்துணைச் செலவோ, நூல்கள் வாங்கலாமே என்பார் நம்முள் உளர். போரிற் கை இழந்தாரும் பிறவியிலேயே தசை நலிந்தாரும் நம்மிடையே வாழ்கின்றனர். கிளித்தட்டு மறிக்கும் கூட்டத்துக்கு வெளியே அமர்ந்து பார்த்திருந்த பிள்ளை, கனடாவிலுள்ள மைத்துனனோடு நேர்நின்று ஆடி வெல்லவும் தோற்கவும் கூடுமாயின், அதனை நூல்விலையோடு வைத்து நிறுத்தல் பொருந்தாது. தோற்பதற்கும் ஓர் உரிமை வேண்டுமன்றோ!

எனினும் பிறநாட்டு விலை முழுவதையும் நாம் இறுக்க வேண்டுவதில்லை. ஜெய்ப்பூரில் 1968 அளவில் மருத்துவர் சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் இறப்பர் கொண்டு குறைந்த செலவிற் செயற்கைக்கால் ஆக்கினர். வெறுங்காலோடு வயலில் நடக்கவும் குந்தியிருக்கவும் ஏற்ற அக்கால் யாழ்ப்பாணத்தாரையும் நடக்க வைத்தது. அடப்டிவ் கொன்ரோலரின் துளை 3.5 மில்லிமீற்றர், பழைய கைத்தொலைபேசியிற் செவிக்கருவி செருகிய அதே அளவு. ஆளியோ இரு கம்பிகளைத் தொடுத்து விடுப்பதன்றி வேறு வித்தை அறியாதது. அழைப்புமணிப் பொத்தான், சிறிது கம்பி, ஒரு செருகி ஆகியவற்றைக் கொண்டு உயர்தர மாணவர் பௌதிக ஆய்கூடத்தில் ஒரு பிற்பகலிற் செய்து முடிக்கலாம்.

ஆதலின் பலகையைப் பழைய மாணவர் அனுப்புக. ஆளிகளை இங்குள்ளார் ஆக்குக. பலகை கல்லூரியின் உடைமையாயிருந்து வேண்டும் வீடுகளுக்கு முறையே செல்லலாம். எந்த உறுப்பு எவ்வளவு அசையும் என்பதைப் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் முதலிற் கேட்டறிதல் இன்றியமையாதது. யூபிலி நிதியில் இரண்டு பலகைகளுக்கேனும் ஒதுக்குமாறு சங்கத்தாரை வேண்டுகின்றேன்.